கதிரவன் காணாத உயிர்

கதிரவன் இன்றி உயிர் இல்லை என்றே மறைக்கல்வி வகுப்பில் சொல்லி வந்தேன். அது தவறு. தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், பாறைப் பிளவுகளில் வெந்நீர் இருக்கிறது. வெப்பம் ஏறத்தாழ 60 டிகிரி. ஒளி இல்லை, ஆக்சிஜன் இல்லை. அங்கும் ஒரு பாக்டீரியா வாழ்கிறது. அதன் மரபணு விவரம் 2008-இல் வெளியானது. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளக்க, ஹைட்ரஜன் பிறக்கிறது. அந்த ஹைட்ரஜனையும் சல்பேட்டையும் கொண்டே அது ஆற்றல் பெறுகிறது. உடலுக்கு வேண்டிய கரியையும் நைட்ரஜனையும் தானே சேர்த்துக்கொள்கிறது. அந்நீரில் வேறு இனம் ஏறக்குறைய இல்லை எனலாம். நாம் அஞ்சும் கதிர்வீச்சுதான் அதன் அனுதின உணவுக்கு வழி! 139-ஆம் திருப்பாடலை எத்தனையோ முறை செபித்திருக்கிறேன். அது சொல்லும் பாதாளத்தை இத்தனை நாளும் வெற்றிடமாகவே எண்ணியிருந்தேன்.