பொன்பாடி தாண்டி வரும் தக்காளி

திருத்தணியிலிருந்து திருப்பதி சாலையில் பொன்பாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஆந்திரம்; கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறும். பெரிதாக வேறெதுவும் மாறாது. இந்தப் பக்கம் பள்ளிப்பட்டில் கேட்கும் விசைத்தறிச் சத்தம்தான் அந்தப் பக்கம் நகரியிலும். 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை திருத்தணியே சித்தூர் மாவட்டத்து ஊர்தான்.

யாரும் பொருட்படுத்தாத அந்த எல்லைக்கோடு, 2020 மார்ச் 25-இல் கொரோனா பொது முடக்கம் வந்ததும் விழித்துக்கொண்டது.

சரக்குக்குத்தான் அனுமதி இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. முதலில் அத்தியாவசியப் பொருளுக்கு. மார்ச் 29-இல் எல்லாச் சரக்குக்கும். சிக்கல் திரும்பும் பயணத்தில். மதனப்பள்ளித் தக்காளியைச் சென்னையில் இறக்கிவிட்டு லாரி காலியாகத்தான் ஊர் திரும்பும். காலி வண்டியில் என்ன சரக்கு இருக்கிறது என்று சாவடியில் காட்டுவது? திரும்ப வழியில்லை என்றால் டிரைவர் அடுத்த லோடு ஏற்றமாட்டார். வழியில் தாபா கிடையாது, பஞ்சர் கடையும் கிடையாது. இதெல்லாம் புரிந்துதான் ஏப்ரல் 15-ஆம் தேதி மத்திய உள்துறை வழிகாட்டுதல், இரண்டு டிரைவர், ஒரு உதவியாள், காலி லாரி, நெடுஞ்சாலை தாபா, பழுதுபார்க்கும் கடை என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அனுமதித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் இதே பாடு பட்டது. எல்லையில் ஒரு லாரிக்கு 15 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்று மார்ச் 23-இலேயே 'பசுமைத் தடங்கள்' வகுத்தது.

மாவட்ட நிர்வாகங்களின் பயத்தையும் குறை சொல்ல முடியாது. கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று ஊர் ஊராகப் பரவி, மே 5-இல் அதை மூடி, திருமழிசைக்கு மாற்றினார்கள். காய் வரும் வழியில்தான் நோயும் வந்தது.

ஆனாலும் ஏப்ரல் கடைசி வாரத்தில் வேலூர் மாவட்ட நிர்வாகம் செய்தது வேறு ரகம். குடியாத்தம் அருகே சைனகுண்டாவிலும் பொன்னையிலும் ஆந்திரச் சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டது. சாவடியென்றால் காவலரிடம் பேசிப் பார்க்கலாம். சுவரிடம் என்ன பேசுவது? கண்டனம் எழுந்ததும் சில நாளிலேயே இடித்தார்கள்.

அதே வாரம், ஏப்ரல் 30-இல், காலி லாரிக்கும் தனியாகப் பாஸ் கேட்கக் கூடாது என்று உள்துறை மாநிலங்களுக்கு மறுபடியும் கடிதம் எழுத வேண்டியிருந்தது.