ஜான் சௌனிங்

ஜான் சௌனிங் (பிறப்பு: ஆகத்து 22, 1934) ஓர் அமெரிக்க இசையமைப்பாளர், கணினி இசையின் முன்னோடிகளுள் ஒருவர். அதிர்வெண் பண்பேற்றம் (எஃப்.எம்.) வழியாக இசையொலிகளை உருவாக்கும் முறையைக் கண்டறிந்தவர்.

வாழ்க்கை

நியூ செர்சி மாநிலத்தின் சேலம் நகரில் பிறந்த சௌனிங், இளமையில் தாளக் கருவிகளை வாசித்தார். பாரிசில் நாடியா பூலாஞ்சேயிடம் இசையமைப்புப் பயின்றபின், இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணினி இசை பற்றி மேக்சு மேத்தியூசு 1963இல் எழுதிய கட்டுரை அவரைக் கணினியின் பக்கம் திருப்பியது. பொறியியல் பயிற்சி இல்லாத அவர், நிரல் எழுதுவதை ஒரு மாணவரின் உதவியுடன் கற்றார்.

கண்டுபிடிப்பு

வயலின் கலைஞர் தந்தியின்மேல் விரலை அசைத்தால் சுருதி மெல்ல ஏறி இறங்கும். 1967இல் சௌனிங் இந்த அசைவைக் கணினியில் செய்து பார்த்தார். அதன் வேகத்தையும் அளவையும் கூட்டியபோது, ஒரு கட்டத்தில் அது அசைவாகக் கேட்கவில்லை. புதிய ஒலியாகவே கேட்டது.

ஓர் அலை மற்றோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றும்போது, இருபுறமும் புதிய அதிர்வெண்கள் தோன்றுகின்றன. இரண்டு அலைகளின் அதிர்வெண்களும் 1:1, 1:2 போன்ற எளிய விகிதத்தில் இருந்தால் தெளிவான சுருதி கேட்கும். இல்லையெனில் மணியோசை போன்ற ஒலி பிறக்கும். முன்பு ஒரு செறிவான ஒலிக்குப் பல அலைகளைத் தனித்தனியே கணக்கிட வேண்டியிருந்தது. இம்முறையில் இரண்டே அலைகள் போதும். அன்றைய வேகம் குறைந்த கணினிகளுக்கு இது பெரும் விடுதலை.

இதன் கணிதத்தை வானொலிப் பொறியாளர்கள் முன்பே அறிந்திருந்தனர். ஆனால் அவர்கள் கையாண்ட அலைகள் செவிக்கு எட்டாதவை. கேட்கும் எல்லைக்குள் அதனால் என்ன நிகழும் என்பதை ஓர் இசையமைப்பாளரின் காதே கண்டுகொண்டது.

வணிகப் பயன்பாடு

அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் இம்முறையை ஏற்கவில்லை. பல்கலைக்கழகமும் சௌனிங்குக்கு நிரந்தரப் பணி தர மறுத்தது. பின்னர் சப்பானின் யமகா நிறுவனம் உரிமம் பெற்றது. பல்கலைக்கழகம் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. 1983இல் வெளிவந்த யமகா டிஎக்சு7 சிந்தசைசர் ஒரு இலட்சத்துக்கும் மேல் விற்று, 1980களின் இசையொலியையே மாற்றியது.

படைப்புகள்

டுரேனாசு (1972) என்ற படைப்பில் ஒலிகள் நான்கு ஒலிபெருக்கிகளுக்கிடையே கேட்பவரைச் சுற்றி நகர்கின்றன. சிட்ரியா (1977) வழக்கமான சுர இடைவெளிகளை விட்டுவிட்டு, பொன் விகிதத்தின் (1.618) அடிப்படையில் அமைந்தது. போனே (1981) மணியோசையை மனிதக் குரலாக மாற்றிக் காட்டுகிறது. சௌனிங் தேடியது விற்பனைக்குரிய கருவியை அன்று, இத்தகைய ஒலிகளையே என்பதை இப்படைப்புகள் உணர்த்துகின்றன.