திருச்சபையும் ஊராரின் பிழைப்பும்

தோட்டப்புற வாழ்க்கையில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தென் பேராக்கில் சிலிம் ரிவர் வட்டாரத்துத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும். தோட்டம் துண்டாடி விற்கப்பட்டாலோ, பால்மரங்கள் அழிந்து செம்பனை ஓங்கி ஆள்தேவை குறைந்தாலோ, வேலையை இழந்தவர் லயத்து வீட்டையும் இழக்கின்றார். குடும்பங்கள் வெளியேறிய பின் தமிழ்ப்பள்ளியும் பிள்ளைகளின்றி வாடுகிறது. அத்தகைய ஊரில் மக்கள் கூடும் இடமாகப் பெரும்பாலும் எஞ்சுபவை கோயிலும் தேவாலயமுமே ஆகும். பிழைப்பிழந்த ஊருக்குத் திருச்சபை செய்யத்தக்கது யாது?

முதலாவது, கைத்தொழில். ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல்லைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். அவர்தம் துணைவியார் எலைசா இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்பித்தார். அக்கலையை முன்னரே நாகர்கோயிலில் தொடங்கியவர் எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட் அம்மையார். அங்கே அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் பின்னல் கூலியைக் கொண்டே தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். தருமம் ஒருநாள் பசியை ஆற்றும். தொழிலோ தலைமுறையின் நிலையையே மாற்றும் என்பதற்கு இது சான்று. ஆயினும் லேஸ் வாங்குவோர் பெரும்பாலும் வெளிநாட்டார். தொலைவிலுள்ள சந்தையை மட்டும் நம்பிய தொழில், அச்சந்தை தளரும்போது தானும் தளரும்.

இரண்டாவது, நிலம். பேராக்கிலேயே சித்தியவானில் இதற்குச் சான்று உண்டு. 1903ஆம் ஆண்டு மெதடிஸ்டு போதகர் லூரிங், சீனாவின் பூச்சௌ வட்டாரத்துக் கிறிஸ்தவர் முந்நூற்றுவருக்கு மேற்பட்டோரை அங்கே குடியேற்றினார். குடியேறியோருக்கு அரசாங்கம் நிலம் அளித்தது. அவர்கள் நெல் விளைப்பர் என்பதே முதல் எண்ணம். அது கைகூடவில்லை. பின்னர் பால்மரம் நட்டனர், ஊர் செழித்தது. அரசாங்கத்திற்கும் குடியானவருக்கும் இடையே நின்று பேசியதும், மண்ணுக்கேற்பத் திட்டத்தை மாற்றியதும் அங்குச் சபை செய்த பணிகளாம்.

எனினும் ஒரு குறை உண்டு. சபையின் உதவி சபையாருக்குள்ளேயே நின்றுவிடலாம். தோட்டத்தில் வேலையிழப்போருள் பெரும்பாலோர் இந்துக்கள். வறுமை சமயம் பார்த்து வருவதில்லை. இக்குறைக்கு மாற்று, கூட்டுறவு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்கியது. துண்டாடலால் சிதற இருந்த தொழிலாளர், தோட்டத்தின் பங்குதாரர் ஆயினர்.

ஆகவே, சிலிம் ரிவர் போன்ற சிற்றூரில் திருச்சபை தானே வாணிகம் நடத்த வேண்டுவதில்லை. கூடத்தைத் தையல் வகுப்புக்கும் கணக்குப் பயிற்சிக்கும் திறந்துவிடலாம். சேமிப்புக் குழுவுக்கு நம்பத்தக்க கணக்கரைத் தரலாம். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தரலாம். பணம் குறைந்த ஊரில் நம்பிக்கையே முதல். அம்முதலைக் கோயிலும் தேவாலயமும் சேர்ந்து அளித்தால், ஊரும் நிலைக்கும். ஊரோடு பள்ளியும் நிலைக்கும்.