கடல் கடந்து வந்த மிளகாய்: வீட்டிலேயே மெக்சிகோ மசாலாப் பொடி

மிளகாய் இல்லாமல் சமையல் உண்டா? இந்தியாவில் பல வீடுகளில் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஆனால் மிளகாய் இந்த மண்ணில் பிறந்த செடி அல்ல. அதன் தாய்வீடு மெக்சிகோ.

மெக்சிகோ நாடு எங்கே இருக்கிறது? அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குத் தெற்கே, அதன் எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்குள்ள மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக மிளகாய் பயிரிட்டு வருகிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்களின் கப்பல்களில் அது இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பு இங்கே காரத்துக்கு மிளகுதான். மிளகைப் போலக் காரம் உள்ள காய் என்பதால் தமிழில் மிளகாய் ஆயிற்று.

மிளகாய் மட்டுமல்ல. மக்காச்சோளம், தக்காளி, ராஜ்மா ஆகியவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான்.

மெக்சிகோ மக்களின் சமையல்

மெக்சிகோ மக்கள் மக்காச்சோள மாவில் ரொட்டி சுடுகிறார்கள். பஞ்சாபில் சுடும் மக்காச்சோள ரொட்டி போன்றதுதான். அவர்கள் ரொட்டி சுடும் கல் நம் தோசைக்கல் போலத் தட்டையாக இருக்கும். அவர்களிடம் அம்மியும் உண்டு. அதற்கு மூன்று கால்கள் இருக்கும்.

காய்ந்த மிளகாயை அந்தத் தட்டைக் கல்லில் வாட்டுவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்து விழுதாக அரைப்பார்கள். மெக்சிகோவில் பல வகை மிளகாய்கள் உண்டு. சில வகை நிறத்துக்கு, சில வகை காரத்துக்கு, சில வகை மணத்துக்கு. சீரகத்தை அங்கே கொண்டு போனவர்கள் ஸ்பெயின் நாட்டவர்.

விழுது எப்படிப் பொடி ஆனது? டெக்சாஸ் என்ற பகுதி 1836 வரை மெக்சிகோவோடு இருந்தது. இப்போது அது அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு மாநிலம். அங்கே 1890-களில் வில்லியம் கெப்ஹார்ட் என்பவர் மிளகாயோடு சீரகம் முதலியவற்றைச் சேர்த்துப் பொடித்து விற்றார். அந்தக் கலவைப் பொடி நன்றாக விலை போனது. இன்று கடைகளில் 'மெக்சிகோ மசாலா' என்று விற்பது அந்த வழியில் வந்த பொடிதான்.

வீட்டில் ஏன் செய்ய வேண்டும்?

கடையில் பொடி வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். உள்ளே சேர்த்த பொருள்களின் பட்டியல் அங்கே இருக்கும். எடை அதிகமுள்ள பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். சில பாக்கெட்டுகளில் உப்பு, சர்க்கரை, மாவு ஆகியவை பட்டியலில் மேலேயே இருக்கும். அப்படியானால் மசாலா என்று நினைத்து உப்புக்கும் மாவுக்கும் காசு கொடுக்கிறோம். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அதிக உப்பு கெடுதல்.

பட்டியலில் எழுதாத பொருளும் உள்ளே இருக்கலாம். மிளகாய்ப் பொடியில் செங்கல் தூளைக் கலப்பவர்கள் உண்டு. ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பொடியைப் போடுங்கள். அடியில் தங்கும் வண்டலை விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநற என்று இருந்தால் செங்கல் தூளோ மணலோ கலந்திருக்கிறது.

சூடான் என்று ஒரு சிவப்புச் சாயம் உண்டு. அது உணவுக்கு உரியது அல்ல. 2003-இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன மிளகாய்ப் பொருள்களில் இந்தச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. 2005-இல் பிரிட்டனில் ஒரு சாஸில் சூடான் கலந்த மிளகாய்ப் பொடி சேர்ந்துவிட்டது. அந்த சாஸ் கலந்த 400-க்கும் மேற்பட்ட உணவு வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இந்தச் சாயம் தண்ணீரில் கரையாது. அதனால் தம்ளர் சோதனையில் தெரியாது. ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும்.

முழு மிளகாயில் செங்கல் தூளைக் கலக்க முடியாது. முழுதாக வாங்கி, பார்த்துப் பொறுக்கி, நாமே பொடித்தால் என்ன சேர்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

தேவையான பொருள்கள்

காய்ந்த பியாடகி மிளகாய் அல்லது காஷ்மீர் மிளகாய் – 50 கிராம்
காரமான குண்டூர் மிளகாய் – 5
சீரகம் – 20 கிராம்
கொத்தமல்லி விதை – 10 கிராம்
மிளகு – 5 கிராம்
ஓமம் – கால் தேக்கரண்டி
பட்டை – விரல் நீளத்தில் ஒரு துண்டு

பியாடகி என்பது கர்நாடகத்தில் உள்ள ஊர். அந்த மிளகாயில் நிறம் அதிகம், காரம் குறைவு. அதனால் இந்தப் பொடிக்கு ஏற்றது. மெக்சிகோவில் ஓரிகானோ என்ற மூலிகை இலையைச் சேர்ப்பார்கள். அது கிடைக்காவிட்டால் ஓமம் போதும். இரண்டின் மணமும் ஓரளவு ஒத்துப்போகும். பட்டையும் மெக்சிகோவில் பழக்கமானதுதான். இலங்கைப் பட்டையை நிறைய வாங்கும் நாடுகளில் மெக்சிகோவும் ஒன்று.

செய்யும் முறை

1. பூசணம் பிடித்த மிளகாயையும் கரும்புள்ளி விழுந்ததையும் எடுத்து எறியுங்கள். பூசணத்தில் உண்டாகும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும்.

2. மிளகாயைத் துணியால் துடைத்து வெயிலில் காயவையுங்கள். ஒடித்தால் 'படக்' என்று ஒடிய வேண்டும். பிறகு காம்பைக் கிள்ளி, விதையை உதறிவிடுங்கள்.

3. எண்ணெய் விடாமல், சிறு தீயில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுங்கள். மிளகாய் மணம் வந்ததும் இறக்குங்கள். கருகினால் பொடி கசக்கும்.

4. எல்லாம் நன்றாக ஆறட்டும். சூட்டோடு அரைத்தால் ஈரம் சேர்ந்து பொடி கட்டிப் போகும்.

5. மிக்ஸியில் அல்லது உரலில் பொடித்துச் சலியுங்கள்.

வறுக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். மூக்கில் துணி கட்டுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கை எரிந்தால் வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. மிளகாயின் காரம் எண்ணெயில்தான் கரையும். முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பொடியை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். செய்த தேதியை ஒரு காகிதத்தில் எழுதிப் புட்டியில் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

எப்படிச் சமைப்பது?

ஒரு கிண்ணம் ராஜ்மாவை இரவு முழுவதும் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்துக் குழைய வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் பேதியும் உண்டாக்கும். பிறகு வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, இரண்டு தேக்கரண்டி பொடி போடுங்கள். வெந்த ராஜ்மாவையும் அளவான உப்பையும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். மக்காச்சோள ரொட்டியோடு சாப்பிடலாம்.

மகளிர் குழுக்கள் இந்தப் பொடியைச் செய்து விற்கவும் செய்யலாம். விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். பாக்கெட்டில் என்ன சேர்த்தோம் என்பதை உள்ளபடியே எழுத வேண்டும். வாங்குகிறவரும் அதைப் படித்துப் பார்ப்பார் அல்லவா?

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டிலுள்ள மசாலா பாக்கெட்டில் முதலில் எழுதியிருக்கும் பொருள் எது?
2. தம்ளர் சோதனையில் எது தெரியும்? எது தெரியாது?
3. மிளகாய் வருவதற்கு முன்பு உங்கள் ஊரில் எதைப் போட்டுச் சமைத்திருப்பார்கள்?