டிக்கெட் எடுக்காத பூ

இலை பச்சையாக இல்லாத செடி உண்டா? உண்டு. இமயமலைக் காடுகளில், வெயில் விழாத அடர்ந்த நிழலில், மழைக்காலத்தில் ஒரு செடி முளைக்கிறது. தண்டு வெள்ளை, பூவும் வெள்ளை. இலை என்பது பெயருக்குத்தான். செதில் போல ஒட்டிக்கொண்டிருக்கும். மெழுகில் வார்த்தது போல ஒரு சாண் உயரம். உச்சியில் தலை குனிந்த ஒற்றைப் பூ. பறித்தால் கறுத்துவிடும்.

தாவர நூலில் இதற்குப் பெயர் மோனோட்ரோபா. வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும்கூட இது உண்டு. புகை பிடிக்கும் சுங்கான் போல வளைந்திருப்பதால் ஆங்கிலேயர் 'பேய்ச் சுங்கான்' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு இதற்குச் சொந்தக்காரச் செடி என்றால் நம்புவது கஷ்டம்!

பச்சையம் இருந்தால்தான் செடி வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரிக்க முடியும். இதற்குப் பச்சையமே கிடையாது. அப்படியானால் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

மக்கிய சருகிலிருந்து என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 'மட்குண்ணி' என்று பள்ளியில் படித்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அது சரியல்ல. 1880களின் தொடக்கத்தில் போலந்து நாட்டுத் தாவர நிபுணர் காமியென்ஸ்கி இதன் வேரைச் சோதித்தார். வேரைச் சுற்றிக் காளான் இழைகள் உறை போல மூடியிருந்தன. உணவு காளான் வழியாகவே வருகிறது என்று அவர் எழுதினார்.

1960இல் ஸ்வீடன் விஞ்ஞானி பியோர்க்மான் இதை நிரூபித்தார். ஊசியிலை மரங்களுக்குள் கதிரியக்கக் குளுக்கோஸைச் செலுத்தினார். சில நாளில் அதே கதிரியக்கம் அருகிலிருந்த மோனோட்ரோபாச் செடிகளில் தென்பட்டது. மரத்தின் சர்க்கரை காளான் வழியே பூவுக்குப் போயிருந்தது!

மரத்துக்கும் காளானுக்கும் நடப்பது நேர்மையான கொடுக்கல் வாங்கல். மரம் சர்க்கரை தரும். காளான் மண்ணிலிருந்து நீரும் உப்புச் சத்தும் தரும். நடுவில் புகுந்த பூ பதிலுக்கு எதையும் கொடுப்பதாக யாரும் கண்டதில்லை. ரயில்வே பாஷையில் சொன்னால், டிக்கெட் இல்லாப் பிரயாணி.

ஆனால் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டால் டிக்கெட் எடுத்தவருக்கும் வண்டி இல்லை, எடுக்காதவருக்கும் இல்லை. மரத்தை வெட்டினால் அதை நம்பிய காளான் போகும். காளானோடு பூவும் போகும். இதைத் தோண்டியெடுத்துத் தொட்டியில் வைத்தால் பிழைக்காது. விதையோ தூசி போன்றது. காளான் துணையில்லாமல் வளராது. ஆகவே இந்தப் பூவைக் காக்க வேண்டுமானால் காட்டையே காக்க வேண்டும்.

மும்பை வாசகர்கள் இதற்காக இமயமலை வரை போக வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் எஜினீஷியா என்ற செடி மழைக்காலத்தில் ஊதாநிறத்தில் பூக்கும். அதற்கும் பச்சையம் இல்லை. காளான் துணையும் தேடாமல் புல்லின் வேரிலிருந்து நேராகவே உறிஞ்சிவிடும். மழை நாளில் மலைப்பக்கம் போகிறவர்கள் புல்லுக்கிடையே குனிந்து பாருங்கள். கண்டால் பறிக்காதீர்கள்.