உறையும் நினைவும்

கிரஞ்ச் இசைக்குழு நிர்வாணாவின் முதல் தட்டு 'ப்ளீச்'. 1989இல் சியாட்டிலின் சப் பாப் வெளியிட்டது. பதிவுச் செலவு 606.17 டாலர். பணம் கொடுத்த ஜேசன் எவர்மனின் பெயர் உறையில் கிட்டார் கலைஞர் என்றிருக்கிறது. அவர் அதில் வாசிக்கவேயில்லை. 1991இல் 'நெவர்மைண்ட்' பெருவெற்றி பெற்ற பிறகே பெரும்பாலோர் பின்னோக்கிப் போய் 'ப்ளீச்'சைக் கேட்டார்கள். ரசிக நினைவிலோ வரிசை தலைகீழ்: 'நாங்க அப்பவே கேட்டோம்ல.' இதை வெறும் பீத்தல் என்று தள்ளிவிட முடியாது. சந்தை எல்லோருக்கும் விற்றுவிட்ட ஒன்றைத் தனக்கானதாக மீட்டுக்கொள்ளும் எத்தனம் அது. சிக்கல் என்னன்னா, 'முதலில் கேட்டவன்' என்கிற அந்தப் பெருமையும் ஏற்கெனவே சரக்குதான்: முதல் 1000 பிரதிகளைச் சப் பாப் வெள்ளைத் தட்டாக விற்றது. உறையே வாசிக்காதவரை வாசித்தவராக்கும்போது, ரசிகரின் ஞாபகத்தை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?