மலைப்பாதையில் டயர் மாற்ற எந்த ஜாக்கி? டன் கணக்கை விட உயரமே முக்கியம்

இமாசலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலை 400 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. கடல் மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கும் மேல் உள்ள கணவாய்களை அது கடக்கிறது. லாஹௌலின் தாண்டி என்ற ஊரைக் கடந்தால், அடுத்த 365 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் நிலையம் இல்லை என்ற அறிவிப்புப் பலகை நெடுங்காலமாகப் பயணிகளிடையே பிரசித்தம். 2020 அக்டோபரில் ரோதாங் கணவாய்க்குக் கீழே அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின், இப்பகுதியைச் சொந்த வாகனத்தில் எட்டுவது எளிதாகிவிட்டது. ஆனால், ஸ்பிதியை நோக்கி குன்சும் கணவாய்க்குச் செல்லும் பாதையிலோ, லடாக்கின் கிளைச் சாலைகளிலோ ஒரு கூரிய கல் டயரைக் கிழித்துவிட்டால் நிலைமை வேறு. கைபேசி இணைப்பு இல்லாத நீண்ட பகுதிகளில், வண்டியில் இருக்கும் ஜாக்கியே ஒரே மெக்கானிக்.

டயரின் தரையில் படும் பகுதியில் ஆணியோ கல்லோ குத்தினால் பெரும்பாலும் ஜாக்கி தேவைப்படாது. டியூப்லெஸ் டயரைக் கழற்றாமலேயே பஞ்சர் குச்சியால் துளையை அடைத்து, சிறிய கம்ப்ரெஸரால் காற்று நிரப்பிக்கொள்ளலாம். எனவே, ஜாக்கி வாங்கும் முன் இவ்விரண்டையும் வாங்குவதே நல்லது. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால்தான் சிக்கல். அதைக் குச்சியால் அடைக்க இயலாது. சக்கரத்தையே மாற்ற வேண்டும். கரடுமுரடான பாதைகளில் அதிகம் நேர்வதும் இதுதான்.

இங்கே ஒரு விதிமாற்றத்தையும் கவனத்தில் கொள்ள வேண்டும். 3.5 டன் வரை எடையுள்ள பயணிகர் கார்களில் டியூப்லெஸ் டயரும், பஞ்சர் சரிசெய்யும் சாதனமும், டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் இருந்தால் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தியது. நகரப் பயன்பாட்டுக்கு இது போதும், மலைப்பாதைக்குப் போதாது. ஸ்டெப்னியும் ஜாக்கியும் இல்லாத காரில் அங்கு செல்வோர், புறப்படும் முன்பே அவற்றைத் தனியே தேட வேண்டியிருக்கும். (ஸ்டெப்னி என்ற சொல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்றுச் சக்கரம் தயாரித்து விற்ற வேல்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் மறந்துவிட்ட அப்பெயர் இந்தியச் சாலைகளில் இன்றும் வாழ்கிறது.)

காருடன் தரப்படும் ஜாக்கி ஏன் போதாது?

பெரும்பாலான கார்களுடன் வருவது திருகுக் கம்பியைச் சுற்றினால் விரியும் கத்தரி ஜாக்கி. எடை குறைவு, எண்ணெய் கசியாது என்பன அதன் நன்மைகள். ஆனால், சமதளமான கெட்டித் தரையில், நிறுவனம் பொருத்திய அளவு டயருடன், குறிப்பிட்ட இடத்தில் வைத்துத் தூக்குவதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது. அடிப்பாகம் உள்ளங்கை அளவே இருப்பதால் மணலிலும் சேற்றிலும் புதைந்துவிடும். வண்டி சற்றே பக்கவாட்டில் நகர்ந்தாலும் கத்தரியின் கைகள் முறுக்கிக்கொண்டு சாயும்.

இதைவிட முக்கியமான குறை உயரம். கத்தரி ஜாக்கி வண்டியின் உடலைத் தூக்குகிறது, சக்கரத்தை அன்று. உடல் மேலெழும்போது ஸ்பிரிங் விரிந்துகொடுப்பதால் சக்கரம் தரையிலேயே தங்கியிருக்கும். ஸ்பிரிங் முழுவதும் விரிந்த பின்னரே டயர் தரையை விட்டு எழும்பும். பள்ளம் மேடுகளுக்காக உருவாக்கப்பட்ட வாகனங்களில் இந்த விரிவு மிக அதிகம். பெரிய டயரோ, வண்டியை உயர்த்தும் உதிரிபாகங்களோ பொருத்தியிருந்தால், ஜாக்கி அதன் உச்சத்தைத் தொட்ட பிறகும் டயர் தரையிலேயே நிற்கும்.

அச்சின் அடியில் வைத்தால் இந்த வீண் உயரம் மிச்சமாகும். அச்சு உயர்ந்தவுடன் சக்கரமும் உடன் உயரும். மாருதி சுசுகி ஜிம்னியின் முன், பின் இரு பக்கங்களிலும், மஹிந்திரா தார், ஸ்கார்ப்பியோ-என், டொயோட்டா ஃபார்ச்சூனர் ஆகியவற்றின் பின்பக்கத்திலும் இரு சக்கரங்களை இணைக்கும் உறுதியான ஒரே அச்சு உள்ளது. இத்தகைய வாகனங்களுக்குப் பாட்டில் ஜாக்கி எனப்படும் சிறிய ஹைட்ராலிக் ஜாக்கியே சிறந்த தேர்வு. முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் வண்டிகளில், முன்பக்கம் எங்கே ஜாக்கி வைக்கலாம் என்பதை உரிமையாளர் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பார்க்க வேண்டிய இரு அளவுகள்

கடையில் பெரும்பாலோர் கேட்பது, எத்தனை டன் தாங்கும் என்பதை மட்டுமே. உண்மையில் ஒரு மூலையைத் தூக்கும்போது வண்டியின் முழு எடையும் ஜாக்கியின் மீது விழுவதில்லை. ஜிம்னி, தார் போன்றவற்றுக்கு 2 டன் போதுமானது. பொருள் ஏற்றிய ஃபார்ச்சூனர் போன்ற கனமான வண்டிகளுக்கு 3 டன் வாங்கலாம். அதற்கு மேல் டன் கூடக்கூட ஜாக்கியின் குறைந்தபட்ச உயரமும் கூடிவிடும். அது அச்சின் அடியிலேயே நுழையாமல் போகலாம்.

ஜிம்னியின் டயரை எடுத்துக்கொள்வோம். 195/80 ஆர்15 என்ற அளவின்படி அதன் விட்டம் ஏறத்தாழ 69 செ.மீ., பக்கச்சுவரின் உயரம் சுமார் 15.5 செ.மீ. காற்று முழுதும் இறங்கினால் அச்சு 10 செ.மீ. வரை தாழக்கூடும். அந்நிலையில் அச்சுக்குழாயின் அடிக்கும் தரைக்கும் இடையே ஏறக்குறைய 18 செ.மீ. மட்டுமே எஞ்சும். ஜாக்கி அதற்குள் நுழைய வேண்டும். அதே ஜாக்கி, காற்று நிறைந்த ஸ்டெப்னியை மாட்டும் அளவுக்கு அச்சை 33 செ.மீ. வரை உயர்த்தவும் வேண்டும். தட்டையான டயரைக் கழற்றத் தேவைப்படும் உயரத்தை விட, நிறைந்த டயரை மாட்டத் தேவைப்படும் உயரம் அதிகம் என்பதைப் பலர் பாதி வேலையில்தான் உணர்கிறார்கள்.

சந்தையில் உள்ள பல 2 டன் பாட்டில் ஜாக்கிகள் 16 செ.மீ. அளவில் தொடங்கி 30 செ.மீ.க்குச் சற்று மேல் முடிகின்றன. ஆகவே உச்சியில் கையால் சுற்றி நீட்டும் திருகு உள்ளதா, இரண்டடுக்காக உயரும் வகையா என்று பார்த்து வாங்குவது அவசியம். அப்படியும் உயரம் போதாவிட்டால் ஸ்டெப்னிக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொள்ளலாம். ஜாக்கியே நுழையாவிட்டால், பஞ்சரான சக்கரத்தை மெல்ல ஒரு தட்டைக் கல்லின் மீது ஏற்றி இடம் உண்டாக்கிக்கொள்ளலாம். கல்லை ஜாக்கிக்கு அடியில் வைப்பதுதான் ஆபத்து. கல் உடையலாம், உருளலாம்.

அடியில் வைக்க ஏற்றது பலகை. ஜாக்கியின் அடிப்பாகம் 10 செ.மீ. சதுரம் என்றும், அதன் மீது 600 கிலோ எடை இறங்குகிறது என்றும் கொள்வோம். ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் 6 கிலோ அழுத்தம் விழும். 30 செ.மீ. சதுரமும் 2 செ.மீ. தடிமனும் உள்ள ஒட்டுப்பலகையை இடையில் வைத்தால் அது 0.7 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். தச்சுக்கடையின் மீதித்துண்டு ஒன்றே போதும். விலையுயர்ந்த துணைக்கருவி எதற்கும் குறைந்ததன்று.

உயரமான பண்ணை ஜாக்கி தேவையா?

சாகசப் பயணப் படங்களில் வண்டியின் வெளிப்புறத்தில் கட்டியிருக்கும் நீண்ட இரும்புப் பட்டை ஜாக்கி, அமெரிக்கப் பண்ணைகளில் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டு வருவது. நான்கடி உயரமுள்ளதன் எடை சுமார் 13 கிலோ. சேற்றில் சிக்கிய வண்டியைத் தூக்கவும் இழுக்கவும் அது வல்லது. டயர் மாற்றுவதற்கு மட்டும் என்றால் இந்தியச் சூழலில் அதைப் பரிந்துரைப்பது கடினம். அது கவ்விப் பிடிக்க இரும்பு பம்பர் வேண்டும். இங்கு விற்பனையாகும் கார்களில் பெரும்பாலும் இருப்பது பிளாஸ்டிக் பம்பர். வெளியில் வாங்கி இரும்புத் தடுப்புகளைப் பொருத்துவதோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு எதிரானது என்று கூறி, நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களை மத்திய அரசு 2017 டிசம்பரில் கேட்டுக்கொண்டது. தவிர, உயரத் தூக்கிய வண்டி எளிதில் ஆடும். கைபிடி நழுவினால் தாடையை உடைக்கும் வேகத்தில் திரும்பும். பழக்கமில்லாதவர் கையில் அது கருவியைவிட ஆபத்தாகவே இருக்கும்.

ஜெய்சல்மேர் மணல்மேடுகள் போன்ற இடங்களில் மட்டும் வேறொன்று உதவும். வண்டியின் புகைக்குழாய்க் காற்றாலோ கம்ப்ரெஸராலோ ஊதும் பை வடிவ ஜாக்கி, அகலமாகப் பரவுவதால் மணலில் புதையாது. கூரிய கற்கள் நிறைந்த லடாக்கில் அதே பை கிழிந்துபோகும்.

தூக்குவதற்கு முன்

5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான். சக்கர நட்டுகளைத் திருகுவதே மூச்சு வாங்கும் வேலை. அவசரப்படாமல், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். பயணிகள் அனைவரும் இறங்கிவிட வேண்டும். கைபிரேக்கை மட்டும் நம்பாமல், மாற்றும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை அச்சின் நடுவிலுள்ள உருண்டையில் வைக்காமல், கழற்றும் சக்கரத்தை ஒட்டி வைப்பது நல்லது. வண்டி உயர்ந்தவுடன் ஸ்டெப்னியையும், அதை மாட்டும்போது கழற்றிய டயரையும் சேஸிஸுக்கு அடியில் படுக்கவைத்தால், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் விழும். எக்காரணத்துக்காகவும் உடலை அடியில் நுழைக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் முதன்முறையாகக் கணவாயின் உச்சியில் செய்து பார்க்கக் கூடாது. வீட்டு வாசலிலேயே ஒரு டயரின் காற்றை இறக்கிவிட்டு, வாங்கிய ஜாக்கி அச்சின் அடியில் நுழைகிறதா, ஸ்டெப்னி ஏறுகிறதா என்று சோதித்துப் பார்க்க அரைமணி நேரம் போதும். பிறகு பாட்டில் ஜாக்கியின் வால்வை மூடி, நிமிர்ந்த நிலையில் ஆடாமல் கட்டி வைக்க வேண்டும். படுக்கவைத்தால் சில ஜாக்கிகளில் எண்ணெய் கசிந்து, தேவைப்படும் நேரத்தில் தூக்காது.